முதலில் மேலே பாருங்கள்: பழைய வீடுகளைப் படிக்கப் பழகிய அனுபவம்

வீட்டுக் கடனுக்கும் பாகப்பிரிவினைக்கும் வீடுகளை மதிப்பீடு செய்து கொடுப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாகிறது. கையில் டேப், டார்ச், ஒரு படிவம். அந்தப் படிவத்தில் 'கட்டடத்தின் வயது', 'கூரை வகை', 'தரை வகை' என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். முதல் ஏழெட்டு வருடம் இப்படியே ஓடியது. எத்தனையோ அருமையான வீடுகளுக்குள் நுழைந்து, எதையும் பார்க்காமலேயே வெளியே வந்திருக்கிறேன்.

என்னை மாற்றியது கும்பகோணம் பக்கத்தில் ஓர் அக்கிரகார வீடு. அண்ணன் தம்பி மூன்று பேர் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடு எந்த வருடம் கட்டியது என்று மூவருக்கும் தெரியவில்லை. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஓடு ஒன்று சரிந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினால், அடிப்பக்கத்தில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். 'கட்டிய ஆண்டு 1865' என்று படிவத்தில் எழுதிவிட்டேன்.

அன்றைக்கு அங்கே ஓடு மாற்ற வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, அது கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். வீடு கட்டின வருஷம் இல்லை" என்றார். அதோடு விடவில்லை. என்னைத் தாழ்வாரத்துக்குக் கீழே நிறுத்தி டார்ச்சை மேலே அடிக்கச் சொன்னார். "இந்தக் கைமரத்தைப் பாருங்க. சீமை ஓட்டுக்கு இவ்வளவு நெருக்கமா யாராவது போடுவாங்களா? இது நாட்டு ஓட்டுக்குப் போட்டது. மேல இருக்கிற ரீப்பர் மட்டும்தான் அப்புறமா அடிச்சது."

சீமை ஓடு என்றால் தொழிற்சாலையில் செய்த ஓடு, நாட்டு ஓடு என்றால் கையால் செய்த சின்ன ஓடு. உற்றுப் பார்த்தேன். கூரைச் சரிவைத் தாங்கும் கைமரங்கள் கறுத்து, கைபட்டு வழவழத்துப் போயிருந்தன. அவற்றின்மேல் குறுக்கே ஓடிய ரீப்பர் சட்டங்களோ ரம்பத்தில் அறுத்த கூர் விளிம்போடு இருந்தன. பழைய ஆணித் துளைகள் வேறு இடத்தில், புது ஆணிகள் வேறு இடத்தில். ஆக, வீடு அந்த ஓட்டைவிட மூத்தது. ஓடோ தன்மேல் இருக்கும் எண்ணைவிட இளையது. நான் எழுதிய ஒரே வரியில் இரண்டு தப்பு.

பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதற்குப் பின் பல கம்பெனிகள் வந்தன. அவற்றில் சிலவும் தாங்கள் தொடங்கிய ஆண்டையே ஓட்டில் பதித்தன. முதல் உலகப் போரை ஒட்டி பாசல் மிஷன் தொழிற்சாலைகள் ஆங்கில அரசின் கைக்குப் போய், பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் வந்தன. அதனால் காமன்வெல்த் பெயர் போட்ட ஓடு கிடைத்தால், அது போருக்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். பெயரை முதலில் படியுங்கள், எண்ணை அப்புறம்.

கிளம்பும்போது கொத்தனார் சொன்னார்: "எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல மேல பாருங்க. மழைத் தண்ணி எங்க விழுது, எங்க போகுதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் தன்னால தெரியும்."

யோசித்துப் பார்த்தால், நம் மொழியே இதைத்தான் செய்திருக்கிறது. கூரை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு, காரை வீடு, மெத்தை வீடு. வீடுகளை வகைப்படுத்தும் பெயர்கள் பலவும் தலைக்கு மேலே இருப்பதை வைத்துத்தான். பழைய பத்திரங்களின் சொத்து விவரத்தில் 'நாட்டு ஓடு போட்ட வீடு', 'மெத்தை வீடு' என்று எழுதியிருப்பதை நூறு தடவை படித்திருக்கிறேன். அது ஒரு பாணியின் பெயர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த அக்கிரகார வீட்டையே எடுத்துக்கொள்வோம். தெருவில் நின்றால் திண்ணைக்கு மேல் கூரை நம்மை நோக்கிச் சரிகிறது. உள்ளே ரேழி என்ற நடை, அதைத் தாண்டிக் கூடம், நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிகிறது. நான்கு மூலையிலும் தகரக் கால்வாய். மழை பெய்தால் அதன் கீழே அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். பக்கவாட்டில் தண்ணீர் விழவே விழாது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வரவேண்டும். அதனால்தான் முற்றம். அகலம் குறைந்து நீளம் கூடிய மனை, பொதுச் சுவர், உள்நோக்கிச் சரியும் கூரை என்ற மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இது புரிந்த நாளிலிருந்து முற்றத்தை மூடிக் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்ட வீட்டைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. உள்ளே நின்றால் நிஜமாகவே முட்டும், பகலில் போய்ப் பாருங்கள்.

அடுத்து நான் பாடம் படித்தது சென்னையில், மயிலாப்பூர் பக்கம். வெளியே பார்த்தால் தட்டையான மொட்டை மாடி. பழைய நானாக இருந்தால் 'கான்கிரீட்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். உள்ளே போய் மேலே பார்த்தால் தேக்குக் கட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாக ஓடுகின்றன. இதுதான் மெட்ராஸ் டெரஸ். ஒரு மூலையில் காரை உதிர்ந்திருந்ததால் உள்வேலை முழுவதையும் பார்க்கக் கிடைத்தது. ஓர் அங்குலத் தடிமனில் சின்னச் சின்னச் செங்கற்கள். படுக்கவைக்காமல், விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்கு மூலைவாட்டாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் முந்தைய வரிசைக் கல்லில் சுண்ணாம்புச் சாந்தோடு ஒட்டி நிற்கும். அதனால் கீழே பலகையும் முட்டும் கொடுக்கத் தேவையில்லை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளிப்பார்கள். கடைசியாகத் தட்டையான ஓட்டை, அதாவது தட்டோட்டைப் பதிப்பார்கள். சாந்து பூசிய அந்தத் தட்டோட்டின் மேல் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். பக்கத்துக் கான்கிரீட் மாடி அளவுக்குச் சுடாது.

உதிர்ந்த மூலையில் விரலை வைத்துப் பார்த்தபோது கற்களுக்கு நடுவே சாந்து ஒரு நூல் அளவுக்கு மெல்லிசாக இருந்தது. எத்தனை ஆயிரம் கற்கள், எத்தனை கைகள் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த வீட்டில் இன்னொன்றும் கவனித்தேன். திண்ணை ஏறக்குறையத் தெரு மட்டத்தில் இருந்தது. யாரும் தெருமட்டத்தில் திண்ணை கட்டமாட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வாசற்படியில் எத்தனை படி புதைந்திருக்கிறது என்று ஊகித்தால் வீடு முதலில் எவ்வளவு கம்பீரமாக நின்றிருக்கும் என்று தெரியும். உள்ளேயும் அப்படித்தான். நிலைக்கதவில் தலை இடித்தால், 'அந்தக் காலத்து ஆட்கள் குள்ளம்' என்று முடிவு கட்டாதீர்கள். தரையின்மேல் தரை போட்டிருப்பார்கள். சிவப்பு ஆக்சைடு தரைக்கு மேல் மொசைக், அதற்கு மேல் டைல்ஸ். வாசல் நிலையின் அடிக்கட்டையில் இந்த அடுக்குகளைப் பக்கவாட்டில் பார்த்து எண்ணிவிடலாம்.

சரி, செட்டிநாட்டுக்கு வருகிறேன். அங்கே போகிற எல்லோரும் முகப்பில் மயங்கிவிடுகிறார்கள். நானும் மயங்கினேன். வாசலுக்கு மேல் சுதையில் கஜலட்சுமி, பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, சுவரில் ஜப்பானிலிருந்து வந்த வண்ண ஓடு. 'கலப்புப் பாணி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடத் தோன்றும். அப்படி முடித்தால் வீட்டை இழந்துவிடுவோம். முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதிக்குள், நின்று பார்த்தால் அதே முற்றம், அதே உள்நோக்கிய ஓட்டுக் கூரை, நான்கு பக்கமும் அதே தாழ்வாரம். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று கேட்டேன். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை என்றார்கள். அந்த அறை சாமான் வைக்கவும் படுக்கவும்தான். வாழ்க்கை முழுக்க வளவில். அதற்குப் பின்னால் சாப்பாட்டுக்கு இரண்டாம் கட்டு, அடுப்படிக்கு இன்னொரு கட்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.

ஆக, தென்கிழக்கு ஆசியா முழுக்க வணிகம் செய்த குடும்பங்கள் உலகத்தையே கொண்டுவந்து முகப்பில் வைத்தார்கள், ஆனால் உள்ளே வீட்டின் அமைப்பை மாற்றவில்லை. காலத்தைக் கண்டுபிடிக்க முகப்பு உதவும். தாழ்வான முகப்பும் ஓட்டுச் சார்பும் உள்ள வீடுகள் பொதுவாக மூத்தவை. பலுஸ்டர் எனும் குட்டித் தூண்கள் வைத்த கைப்பிடியும் சுதை உருவங்களும் நிறைந்த மாடி முகப்புகள் அதற்குப் பிந்தியவை. 1930களில் தொடங்கிக் கட்டியவற்றில் வளைவு நெளிவு குறைந்து நேர்கோடுகள் வந்துவிடுகின்றன. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு திரும்பி வந்தன. அதன்பிறகு இந்த அளவில் வீடு கட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது.

இந்த வீடுகளில் பார்க்கும் ஆத்தங்குடித் தரையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அது சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. மண்டியிட்டுப் பாருங்கள். பூவின் விளிம்பு ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இயந்திரத்தில் அச்சடித்த நகல் ஓட்டில் எல்லாப் பூவும் ஒன்றுபோல இருக்கும்.

இந்த வட்டாரத்தில்தான் நான் இன்றும் வருந்தும் ஒரு காரியத்தைச் செய்தேன். ஒரு வீட்டைக் 'கட்டட ஆயுள் முடிந்தது, இடிமானப் பொருள் மதிப்பு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். விதிப்படி சரிதான். சில வருடம் கழித்து காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் நடந்தபோது தேக்குத் தூண்கள் வரிசையாகக் கிடந்தன. அதே வீட்டுத் தூண்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு தூணின் தலையில் உத்திரம் உட்கார்ந்திருந்த பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் தச்சர் உளியால் போட்ட அடையாளக் கோடுகள். இந்தத் தூண் இந்த உத்திரத்துக்கு என்று அவர் தனக்காகப் போட்டுக்கொண்ட கணக்கு. கட்டுமானம் போய்த் தூண் மட்டும் மிஞ்சினால் அந்தக் கோடுகளுக்கு அர்த்தம் கிடையாது. இப்போதெல்லாம் விதிப்படி மதிப்பு போட்டாலும், குறிப்புகள் பகுதியில் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

புதுச்சேரி இன்னொரு விதம். கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் வீடு தெருவிடம் பேசாது. உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம். மேற்கே தமிழ்த் தெருக்களில் திண்ணையும் மரத்தூண் வைத்த தாழ்வாரமும் தெருவுக்கே நிழல் கொடுக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை இந்தத் தமிழ்த் தெருக்களில் இருக்கும் மாடி வீடுகள். கீழே திண்ணையும் முற்றமும். மேலே வளைவு ஜன்னல், சாய்பட்டைக் கதவு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். தரைத்தளம் ஒரு மொழி, மாடி ஒரு மொழி. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒற்றைப் பெயர் தேடாதீர்கள். தளம் தளமாக எழுதுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வீடுகளின் கூரை செங்குத்தாகவும், ஓரம் தாழ்ந்தும் இருக்கும். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே கொட்டும் ஊர், அத்தோடு 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த பகுதி. மழையும் வரலாறும் சேர்ந்து ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஒரு நாள் ஒதுக்கிப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு, பிறகு சுற்றியுள்ள ஊர்களில் நடந்தால் அரண்மனையில் பார்த்த மரவேலையின் சின்ன வடிவங்கள் வீடுகளில் கிடைக்கும்.

அப்புறம், சென்னையின் 1930, 40களின் வீடுகள். இவற்றைப் 'பழைய மாடல் பங்களா' என்று சொல்லியே இடித்துக்கொண்டிருக்கிறோம். கண்டுபிடிக்க மூலையைப் பாருங்கள். ஓட்டு வீட்டிலும், கட்டைகள் வைத்துத் தளம் போட்ட மச்சு வீட்டிலும் மூலைதான் பலம், அங்கே திறப்பு வைக்கமாட்டார்கள். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் வந்தபிறகு, தூண் இல்லாமலேயே சன்ஷேடை மூலையைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோக முடிந்தது. மூலை உருண்டையாகிவிட்டது, சில வீடுகளில் மூலையிலேயே ஜன்னல். கப்பல் மேல்தளம் போல் கிடைக்கம்பிகள் ஓடும் பால்கனி, மாடிப்படிக்கு மேல் கோபுரம் போல் எழும்பும் சுவர், வட்ட ஜன்னல், சூரியக் கதிர் போல் விரியும் கிரில், படிப்படியாக உயரும் கைப்பிடிச் சுவரில் வீட்டின் பெயரும் வருடமும். இதுதான் ஆர்ட் டெகோ. 1925இல் பாரிசில் நடந்த கண்காட்சியை ஒட்டி உலகமெங்கும் பரவிய பாணி. இந்தப் பெயர் பரவியது 1960களில்தான், அதனால் கட்டியவர்களே அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மும்பையின் ஆர்ட் டெகோ கட்டடங்கள் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நம் தியாகராய நகர், மயிலாப்பூர் சந்துகளில் இருப்பவற்றைப் பார்க்கப் பட்டியல் தேவையில்லை, கழுத்தை நிமிர்த்தினால் போதும். ஒரு எச்சரிக்கை: கைப்பிடிச் சுவரில் உள்ள வருடத்தை அப்படியே நம்பாதீர்கள். பழைய மச்சு வீட்டுக்குப் புது முகப்பு கட்டி அந்த வருடத்தைப் போட்டவர்கள் உண்டு. உள்ளே போய் மேலே பார்த்தால் கட்டைகள் சொல்லிவிடும்.

1960, 70களின் வீடுகளை யாரும் பாணி என்றே மதிப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சிமென்ட் ஜாலி வழியாகப் பிற்பகல் வெயில் மொசைக் தரையில் விழும்போது பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்குச் சிமென்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1982இல் பாதி தளர்ந்து 1989இல்தான் முழுதாக நீங்கியது. பர்மிட் வாங்கி மூட்டை மூட்டையாகச் சேர்த்துக் கட்டியவர்கள் ஓர் அங்குலத்தையும் வீணாக்கவில்லை. சுவருக்குள் அலமாரி, தலைக்கு மேல் பரண், ஜன்னலுக்குக் கீழே உட்காரும் மேடை. இந்த வீடுகளைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குடும்பங்களின் சிக்கனம் கண்ணில் தெரிகிறது.

நீங்களும் பழக விரும்பினால், என் பழக்கத்தில் உதவியவற்றைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பிறகோ போங்கள். சாய்ந்த வெயிலில் சுவரின் ஒட்டுவேலை எல்லாம் காட்டிக்கொடுக்கும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முழு வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "வீடு ரொம்ப அழகா இருக்கு, எப்போ கட்டினது?" என்று திண்ணையில் இருப்பவரிடம் கேட்டால் பத்தில் ஏழு பேர் உள்ளே கூப்பிட்டுவிடுகிறார்கள். படத்தைவிட வரைபடம் மேல். அழகாக வரைய வேண்டாம், காலடியால் அளந்து கட்டங்கள் போட்டு, கூரை எந்தப் பக்கம் சரிகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அம்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இடிக்கும் இடத்தில்தான் பிற்காலத்தில் ஒட்டவைத்த பகுதி இருக்கும். வருடத்துக்கு வாய்வார்த்தையை மட்டும் நம்பாமல், வீட்டு வரி ரசீதிலும் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் பாருங்கள். மரம் ஒரு சாட்சி என்றால் இரும்பு இன்னொன்று. உத்திரம் இரும்பாக இருந்தால் அதன் நடுப்பட்டையில் தயாரித்த கம்பெனி பெயர் உருட்டிப் பதிந்திருக்கும். இங்கிலாந்தின் டார்மன் லாங் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டாடா பெயர் இருந்தால் வீடோ அந்த உத்திரமோ 1912க்குப் பிந்தியது, அவர்கள் ஜம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியது அந்த வருடம்தான்.

நான் எழுதும் அந்தக் குறிப்புப் பக்கத்தின் நகலை வீட்டுக்காரரிடமும் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு, அப்பா கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். "சார், உத்திரத்துல டார்மன் லாங்னு எழுதியிருக்குன்னு போட்டிருக்கீங்களே, எங்க சார்? அரை மணி நேரமா எல்லாரும் டார்ச் வச்சுக்கிட்டுத் தேடிட்டு இருக்கோம்" என்றார். பின்னால் நாலைந்து குரல்கள், ஒரு குழந்தை ஏணி கேட்டு அடம்பிடிக்கும் சத்தம். "ரேழியைத் தாண்டினதும் இரண்டாவது உத்திரம்மா. கிணற்றடிப் பக்கம் திரும்பி நில்லுங்க. பச்சை பெயின்டுக்குக் கீழே கையால தடவிப் பாருங்க, எழுத்து கையில் தட்டும்" என்றேன். போனை வைக்காமலேயே ஓடினார்கள்.